எல்லாக் கூட்டங்களுக்கும் வந்திருந்த என் மகன்

புதன்கிழமை காலை பதினொன்று நாற்பது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, என் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் என் மகன் இல்லை.

"பத்து மணிக்கே வந்து நிற்பேன் அம்மா" என்று எழுதியிருந்தான் ஜெயசீலன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து பொறியியல் படிக்க ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு வந்து மூன்றாவது வருடம். நான் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவருக்குக் கண் அறுவை ஆனதால் தனியாக வந்தேன். 1991 ஜூலை அது. மே மாதத்தில் அந்த ஊரில் ஒரு தலைவர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட செய்தியைப் படித்ததிலிருந்தே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது.

ஒன்றரை மணிவரை பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேருந்து பிடித்தேன்.

எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறினால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இங்கே எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். வழியில் போலீசார் ஏறிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பெட்டியில் இருந்த மைலோ டின்னை ஒரு காவலர் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"எந்த ஊரும்மா?"

"ஈப்போங்க. மவன பாக்க வந்தேன்."

"சிலோனா?"

பேருந்தில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மலேசியா என்று சொல்லி பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவர் இறங்கிய பிறகு கண்டக்டர் என்னிடம் குனிந்து, "உன் பேச்சு ஒரு மாரி கீதும்மா, அதான். இப்ப யாரு வாயத் தொறந்தாலும் கேக்குறானுங்கோ. நேத்து திருநெல்வேலிக்காரன் ஒருத்தன எறக்கிட்டானுங்கோ, பாவம், அவன் அல்வா விக்கிறவன்" என்றார்.

கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேர் இருக்கைக்கு அடியில் குனிந்துவிட்டார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சாலையோரம் நின்றபோது இரண்டு தெலுங்குப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ரப்பர்த் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் எனக்குத் தெலுங்கு புரியும். "அந்த அம்மா முகத்தைப் பார். யாரோ செத்த வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறாள்" என்றாள் ஒருத்தி. "சும்மா இரு, அவள் காதில் விழும்" என்றாள் மற்றவள்.

கல்லூரி ஒரகடம் போகிற சாலையில், வற்றிய ஏரிக்கும் ஒரு வார்ப்பட ஆலைக்கும் நடுவில் இருந்தது. ஆலையின் இரைச்சல் தரையின் வழியாகக் காலுக்கு வந்தது. மகன் பெயரைச் சொன்னதும் வாயில் காவலாளி என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"சீலன் தம்பியா? மலேசியாத் தம்பி. உள்ளதான் கீது. எங்க போயிடும்? நேத்து கூட மீட்டிங்குக்குப் போச்சே."

மறந்துவிட்டான், தடியன். பார்த்ததும் காதைத் திருக வேண்டும் என்று நினைத்தேன்.

விடுதிக் காப்பாளர் மாசிலாமணி நல்ல மனிதர். காபி வரவழைத்தார். ஏலக்காய் போட்ட காபியை அன்றுதான் முதலில் குடித்தேன். மேசைமேல் இருந்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். 'இந்த வாரம்' என்ற தலைப்பில் ஊதா மையில் சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த தாள். திங்கள் தமிழ் மன்றம். செவ்வாய் அறிவியல் உரை. புதன் சொற்பயிற்சிக் கழகம். வியாழன் வானொலிக் கழகம், நன்றியுரை ஜெயசீலன். வெள்ளி திரைப்படக் கழகம். ஞாயிறு ஆராதனை, வேதபாடம் வாசிப்பவர் ஜெயசீலன்.

"வாரத்துக்கு மூணு கூட்டமாவது வரணும் மேடம். கையெழுத்து இல்லேன்னா பரீட்சை எழுத முடியாது. இங்க ஒருத்தனும் தப்பிக்க முடியாது" என்றார் பெருமையாக. "உங்க பையன் எல்லாத்துக்கும் வர்றான். பாருங்க."

பதிவேட்டில் திங்கள், செவ்வாய் இரண்டிலும் அவன் கையெழுத்து இருந்தது.

புதன் கூட்டம் நடந்துகொண்டிருந்த அறையின் வாசலில் காத்திருந்தேன். உள்ளே யாரோ ஆங்கிலத்தில் பேசக் கைதட்டினார்கள். முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். நாற்பது முகங்களையும் பார்த்தேன். கடைசியாக வந்த பையன் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஜெயசீலன் வரலியா தம்பி?"

"இப்பத்தானே போனான் ஆன்ட்டி? பாக்கலியா?" என்று சொல்லிவிட்டு அவன் வேகமாக நடந்தான்.

மேசையில் கிடந்த பதிவேட்டைத் திறந்தேன். அன்றைய பக்கத்தில், மை காயாமல், என் மகனின் கையெழுத்து இருந்தது.

ஆறு மணிக்கு விடுதித் தாழ்வாரத்தில் மாணவர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். விருந்தினர் அறைச் சன்னல் அந்தப் பக்கம் திறந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஜெயசீலன்."

"பிரசென்ட் சார்."

அந்தக் குரல் என் மகனுடையதல்ல.

ஓடிப்போய் மாசிலாமணியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மூணு வருஷம் நம்ம ஊர்த் தண்ணி குடிச்சா குரல் மாறாதா மேடம்? கூட்டமா நின்னா நீங்க எப்படிப் பாப்பீங்க? களைச்சுப் போயிருக்கீங்க. காலையில அவனே வருவான்."

வெளியூர்க்காரி நான். அவர் சொன்னதை நம்ப விரும்பினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. முதல் தவறைப் பிறகு சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை உணவுக்கூடத்தில் இட்லி, பூசணிக்காய் சாம்பார். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுடன் பருப்புக் கறியைச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அந்தச் சாம்பார் இனித்தது. அறைத் தோழர்கள் இருவர் என்னோடு உட்கார்ந்தார்கள். பாண்டியன் மதுரைப் பையன், ரிச்சர்டு வாலாஜாபாத்துக்காரன். இரண்டு பேரும் என் இலையை மட்டும் பார்த்துப் பேசினார்கள்.

"சீலன் லைப்ரரிக்குப் போயிருக்கான் ஆன்ட்டி. விடிகாலையிலயே கிளம்பிட்டான்."

"அம்மா வந்திருக்கேன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்... வந்துருவான் ஆன்ட்டி. நீங்க சட்னி ஊத்திக்கங்க."

நூலகத்தில் அவன் இல்லை. அங்கே இருந்தவர் "இப்பத்தானே" என்றார். பட்டறையில் இல்லை. அங்கேயும் "இப்பத்தானே". காலை முழுவதும் என் மகன் எனக்கு ஐந்து நிமிடம் முன்னால் எங்கும் போய்க்கொண்டிருந்தான்.

அவன் அறைக்குப் போனேன். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. துண்டு கொடியில் காய்ந்து விறைத்திருந்தது. மேசை இழுப்பறையில் கல்லூரி அடையாள அட்டை இருந்தது. பல்துலக்கியை விரலால் தொட்டுப் பார்த்தேன். எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்தபோது, தூரத்தில், படியிறங்கிப் போகிற முதுகைக் கண்டேன். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. போன தீபாவளிச் சந்தையில் நான் வாங்கி அனுப்பியது, தோளில் நானே தைத்த தையல்.

"சீலா! டேய் சீலா!"

அந்த முதுகு நின்றது. திரும்பியது. அந்தச் சட்டைக்கு மேல் வேறொரு பையனின் முகம் இருந்தது. அவன் என்னைப் பார்த்ததும் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.

மாலை வானொலிக் கழகத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அலைக்கம்பம் எப்படி அமைப்பது என்று ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். "நன்றியுரை, ஜெயசீலன்" என்று செயலாளர் அறிவித்துவிட்டு என்னைப் பார்த்தான். கரும்பலகையில் என் மகனின் பெயர் வெள்ளையாக எழுதியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் செயலாளரே எழுந்து, "நன்றி" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கணவரிடம் தொலைபேசியில் பேச ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்கு ஆட்டோவில் போனேன். பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தார்.

"இன்னா சிஸ்டர், வெயிட் ஜாஸ்தியா உன் கவலை? வண்டி இஸ்க்க மாட்டேங்குது" என்றார். நான் சிரிக்காததைக் கண்டு, "காலேஜுக்கா வந்தே? பையன் பெயிலா?" என்று கேட்டார்.

"பையனையே காணோம்."

அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "வயசுப் பையனா? பேச்சு உன்னாட்டமா இருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் திரும்பவும் கயிற்றை இழுத்தார், வண்டி கிளம்பியது. சவுக்குக் கம்பு கட்டித் தடுத்திருந்த ஒரு வெற்று மைதானத்தைக் கடந்தபோது மட்டும் ஆட்டோவை மெதுவாக ஓட்டினார். அங்கே ஓர் ஆடு கூட மேயவில்லை.

வாங்கிய டீயைக் குடிக்காமல் பூத்துக்குள் நின்றேன். மறுமுனையில் கணவரின் குரல் கடலுக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது.

"பையனை பாத்தியா? இளைச்சிருக்கானா?"

கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் மனிதர். நான் சொன்னேன்: "நல்லாருக்கான்ங்க. மீட்டிங் இருக்குன்னு போயிருக்கான்."

வாயை மூடியபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. காவலாளி சொன்னதை, நூலகத்துக்காரர் சொன்னதை, கூப்பிட்ட பெயருக்கு அந்தக் குரல் சொன்னதை நானும் சொல்லியிருந்தேன். பொய் எப்படி இவ்வளவு எளிதாக வருகிறது என்று யோசித்தபோது, இந்தக் கல்லூரியில் அது எத்தனை பேருக்கு எளிதாக வந்திருக்கும் என்று தோன்றியது.

திரும்பி வந்ததும் மாசிலாமணியின் அறைக்குப் போய் எல்லாக் கழகங்களின் பதிவேடுகளையும் கேட்டேன். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவள். தரையில் பரப்பி, ஒவ்வொரு ஜெயசீலனாகப் பார்த்தேன். ஒன்று வலப்பக்கம் சாய்ந்தது. ஒன்று நேராக நின்றது. ஒன்றில் அழுத்தி எழுதி அடுத்த பக்கம் வரை தடம் விழுந்திருந்தது. குறைந்தது நான்கு கைகள். செவ்வாய்க்கிழமை ஒரே நேரத்தில் நடந்த அறிவியல் உரையிலும் ஆராதனைப் பாடல் பயிற்சியிலும் என் மகன் இருந்தான்.

கடைசியாக அவன் கையெழுத்து, அவனே போட்டது, பதினான்கு நாளைக்கு முன்னால், போன வாரத்துக்கு முந்தைய வாரத்து வெள்ளிக்கிழமையில் இருந்தது.

மாசிலாமணி நெற்றியைத் துடைத்தார். "பாண்டியனைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

பாண்டியனும் ரிச்சர்டும் நீலச் சட்டைக்காரப் பையனும் வந்து நின்றார்கள். நான் கத்தவில்லை. "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

பாண்டியன்தான் முதலில் உடைந்தான். "பதிமூணு நாள் ஆன்ட்டி. சத்தியமா நாங்க ஒண்ணும் செய்யல. ரெண்டு நாள்ல வந்துருவேன், பிராக்ஸி மட்டும் போட்டு வைங்கடான்னு சொல்லிட்டுப் போனான். இங்க எல்லாருக்கும் எல்லாரும் பதில் கையெழுத்துப் போடுறதுதான். வரலைன்னதும், நீங்க வர்ற அன்னைக்கு நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துருவான்னு நினைச்சோம். நீங்க தனியா வந்தீங்க. அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல."

"எங்கே போனான்?"

ரிச்சர்டு சொன்னான்: "எங்க ஊருக்கு அந்தாண்ட ஒரு கிராமம் ஆன்ட்டி. போட்டோ எடுக்கணும்னு கேமராவோட போனான். நேத்து நான் வூட்டுக்குப் போற மாரி போய் விசாரிச்சேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. பேசவே மாட்டேன்றாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் தாத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறுமுன் இருந்த கிராமம் அது. நான் வருமுன் அதைக் கண்டுபிடித்து நாலு படம் எடுத்து வை என்று எழுதியது நான். அதுதான் முதல் தவறு. மே மாதத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் கேமராவோடு, எங்கள் பேச்சோடு, வாலிப வயதுப் பையனை நானே அனுப்பியிருக்கிறேன்.

"கார்டு ஏன் எடுத்துக்கிட்டுப் போகல?"

"அனுமதி இல்லாம வெளிய போறப்ப கார்டை ரூம்லயே வச்சிட்டுத்தான் போவோம் ஆன்ட்டி. எங்கயாச்சும் மாட்டினா காலேஜ் பேர் தெரியக் கூடாதுன்னு" என்றான் பாண்டியன். பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டு மாணவர்கள் எல்லோருடையதும் போல, அலுவலக பீரோவில் இருந்தது.

அப்போது கதவருகே நின்ற அலுவலக எழுத்தர் தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் இரண்டு வாக்கியம் சொன்னார். அவை இன்னும் என் காதில் இருக்கின்றன.

"சார், போன வாரம் ஒரு ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு, ஜெயசீலன்னு மலேசியாப் பையன் உங்க காலேஜான்னு. ரிஜிஸ்டரைப் பாத்து, அந்தப் பையன் ஹாஸ்டல்லதான் இருக்கான், நீங்க புடிச்சது வேற எவனோன்னு சொல்லிட்டேன்."

எத்தனை தடவை என்று கேட்டேன். மூன்று தடவை. மூன்றாம் தடவை அவர்கள் நம்பாமல் கேட்டதற்கு, முந்தின நாள் கூட்டத்தில் அவன் கையெழுத்து போட்ட நேரத்தையே படித்துக் காட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை விடிந்ததும் கல்லூரி வேனில் மாசிலாமணியும் நானும் போனோம். அந்தக் காவல் நிலையம் இருந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பீரோவிலிருந்து எடுத்துவந்த அவன் பாஸ்போர்ட்டை நீட்டினேன். நிலைய எழுத்தர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க காலேஜ்தானேம்மா பையன் பத்திரமா இருக்கான்னு சொல்லிச்சு? இன்னைக்கு இவனும் அவன்தான்னு சொல்றீங்க. ஒரு பேருக்கு ரெண்டு பேரா? எங்களுக்கு எது நெசம்?"

மாசிலாமணி தலை குனிந்து பிராக்ஸி என்றால் என்ன என்று விளக்கினார். ஒரு கல்லூரி வாழ்க்கையில் அதுவரை எல்லோரும் சிரித்துச் சொல்லியிருக்கக்கூடிய விஷயம். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி வெளியே போயிருந்தார். அவர் இல்லாமல் பையனைக் காட்ட முடியாது என்றார்கள். நாள் முழுவதும் வேப்ப மர நிழலில் பெஞ்சில் இருந்தேன். வழியில் ஓர் ஓட்டலில் கட்டிய தயிர்சாதப் பொட்டலத்தைக் கெஞ்சி உள்ளே கொடுத்தனுப்பினேன். அரை மணி கழித்து ஒரு பெண் காவலர் வெறும் இலையைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார். "சாப்ட்டான்மா" என்றார்.

இலையின் ஓரத்தில் கறிவேப்பிலையும் கடுகும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சிறு குவியலாக ஒதுக்கப்பட்டிருந்தன. பால்பற்கள் முளைத்த காலத்திலிருந்து அவன் அப்படித்தான். பதிவேடு சொல்லாததை இலை சொன்னது. அழுதேன். ஆனால் அதை எப்படிச் சாட்சியாகக் காட்டுவது?

மாலையில் வந்த அதிகாரி நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். "நாளைக் காலையில நானே கூட்டிக்கிட்டு அங்க வரேன். ரிஜிஸ்டர் இருக்கணும், கையெழுத்துப் போட்ட பசங்க இருக்கணும். நேர்ல பாத்துட்டுத்தான் விடுவேன்" என்றார்.

ஞாயிறு ஆராதனை கல்லூரியின் ஜெபக் கூடத்தில் எட்டு மணிக்கு. உள்ளே போய் உட்காரத் தெம்பில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. கடைசிப் பெஞ்சில் இருந்தேன். மூன்று பையன்களும் வாசலருகே பதிவேடுகளோடு நின்றார்கள். வேதபாடத்தின் நேரம் வந்தபோது போதகர் தாளைப் பார்த்தார். அதில் இருந்த பெயரை அவர் படிக்கவில்லை. "இன்று வாசிப்பு இல்லை. ஜெபிப்போம்" என்றார். ஒருவரும் கண்ணை மூடவில்லை.

ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

முதலில் அதிகாரி இறங்கினார். பின்னால் ஒரு மெலிந்த பையன், யாரோ கொடுத்த லுங்கியோடும் பெரிய சட்டையோடும். கேமரா ஒரு காவலர் கையில் இருந்தது. நான் ஓடினேன். அவன் தோளைப் பிடித்தேன். உடம்பில் அடி எதுவும் இல்லை. கழுத்தில் வேர்க்குரு, முகத்தில் மீசை தாடி. அவன் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. என் தோளுக்கு மேலாக, வாசலில் நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்து, "இதுல ஜெயசீலன் யாரு?" என்று கேட்டார்.

பாண்டியன் முன்னால் வந்து, "நாங்கதான் சார் போட்டோம். அவன்தான் சார் இவன்" என்று சொல்லி அழத் தொடங்கினான்.

சீலன் அவனைப் பார்க்கவில்லை. என் காதருகே குனிந்தான். பதினைந்து நாளாகப் பேசாதவன் போல அவன் குரல் கரகரத்தது.

"அம்மா, தினமும் ஸ்டேஷன்ல சொன்னாங்கம்மா, ஜெயசீலன் அங்கே இருக்கான், கூட்டத்துக்கு வரான், நேத்து கூட வந்தான்னு. இல்லை, நான்தான் அவன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில எனக்கே சந்தேகமாயிருச்சு. அவன் எங்கம்மா? ஒரு தடவை எனக்குக் காட்டுங்க."